பழைய கைக்கடிகாரத்தின் மாடலைத் தேடும்போது எங்கே தவறுகிறோம்

தாத்தாவின் பழைய கைக்கடிகாரம் அலமாரியில் கிடைத்தால், இப்போது எல்லாரும் செய்வது ஒன்றுதான். டயலைப் படம் எடுத்து, கைப்பேசியில் தேடவிட்டு, ஏறக்குறைய அதே மாதிரி தெரிகிற ஏதோ ஒன்றின் பெயரையும் விலையையும் பார்த்துவிட்டு உட்காருவது. அந்த விலையைக் கேட்டுக் குடும்பமே மகிழ்ந்துபோன பிறகு, இது அது இல்லை என்று சொல்வது கடைக்காரருக்குச் சங்கடமான வேலை.

கடிகாரத்தில் எளிதாக மாற்றக்கூடியது டயல்தான். அதில் உள்ள எழுத்துகளில் பலவும் மாடல் பெயர் கிடையாது. ‘இன்காப்ளாக்’ என்பது கீழே விழுந்தால் உள்ளே அடிபடாமல் காக்கும் அமைப்பின் பெயர். எத்தனையோ சுவிஸ் கம்பெனிகளின் டயல்களில் அது இருக்கும். ‘பாராவாட்டர்’ என்று சிட்டிசனில் கண்டால் தண்ணீர் தாங்கும் என்று பொருள். ‘17 ஜுவல்ஸ்’ உள்ளே இருக்கும் கற்களின் எண்ணிக்கை. இந்தச் சொற்களை வைத்துத் தேடினால் ஆயிரம் கடிகாரங்கள் வரும், உங்களுடையது வராது.

டயலே புதிதாகப் பெயின்ட் அடித்ததாகவும் இருக்கலாம். நம் ஊர் ஈரப்பதத்தில் பழைய டயல் புள்ளி விழுந்து கறுத்துப்போவது சகஜம். அந்தக் காலத்தில் அதைப் பெரிதாக நினைக்காமல் மறுபடி எழுதிக் கொடுத்துவிடுவார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். எழுத்தின் ஓரம் தடித்துப் பிசிறியிருக்கிறதா, நிமிடக் கோடுகள் மணிக் குறிகளுக்கு நேராக நிற்கின்றனவா, தேதிச் சன்னலின் விளிம்பில் பெயின்ட் வழிந்திருக்கிறதா? எச்எம்டி விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பெங்களூரில் 1961இல் சிட்டிசன் கூட்டுறவோடு தொடங்கிய அந்தத் தொழிற்சாலையின் ‘பைலட்’, ‘ஜனதா’ இரண்டும் இன்று கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு, பச்சை டயல்களோடு விற்பனைக்கு வருகின்றன. அவற்றில் மிகப் பல பின்னாளில் வண்ணம் பூசியவை. வாங்கிக் கட்டிக்கொள்வதில் தவறில்லை. அபூர்வ மாடல் என்று விலை கொடுப்பதுதான் தவறு.

டயலின் அடியில், 6 மணிக்குக் கீழே, ‘சுவிஸ்’ என்ற சொல்லின் இருபுறமும் ‘டி’ (T) என்ற ஆங்கில எழுத்து இருந்தால், இருட்டில் ஒளிரும் பூச்சு டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் என்று அர்த்தம். அந்தக் குறி 1960களில் தொடங்கி 1990கள் வரை வழக்கில் இருந்தது. கேஸ், அதாவது வெளிக்கூடு, 1940களின் பாணி, டயலில் ‘டி’ குறி என்றால் இரண்டும் ஒன்றாகப் பிறந்தவை அல்ல.

சரி, கடிகாரத்தைத் திருப்புவோம். எந்த எண் எதனுடைய எண் என்று தெரியாமல் தேடுவதால்தான் குழப்பம் எல்லாம். சிங்கப்பூரில் தமிழர் வீடுகளில் அதிகம் கைக்கு வருவது சீக்கோ, ஊருக்குப் போகும்போது மாமா, சித்தப்பாவுக்கு வாங்கிப் போன அதே சீக்கோ. அதன் பின்மூடியில் 6139-6002 என்பதுபோல நான்கும் நான்குமாக எட்டு இலக்கங்கள் இருக்கும். முதல் நான்கு உள்ளே ஓடும் இயந்திரமான மூவ்மென்ட், அடுத்த நான்கு கேஸ். இரண்டும் சேர்ந்ததுதான் மாடல் எண். டயலின் அடியில் எறும்பு அளவு எழுத்தில் இதேபோல் இன்னொரு எண் உண்டு. அது டயலின் எண். அதன் கடைசி நான்கு இலக்கங்கள் பின்மூடியோடு பொருந்தவில்லை என்பதற்காகப் போலி என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. பொருந்த வேண்டிய அவசியமே இல்லை. முதல் நான்கு பொருந்தவில்லை என்றால்தான் யோசிக்க வேண்டும்.

பின்மூடியில் தனியாக இருப்பது சீரியல் நம்பர். அதன் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். அக்டோபருக்கு ஓ அல்லது பூஜ்யம், நவம்பருக்கு ‘என்’, டிசம்பருக்கு ‘டி’ (D). 4 என்று தொடங்கினால் 1964ஆ, 1974ஆ, 1984ஆ? சீரியல் சொல்லாது, மூவ்மென்ட் சொல்லும். 6139 என்ற குரோனோகிராஃப் (நிறுத்துக் கடிகாரமும் சேர்ந்த வகை) 1969இல் வந்து 1970களோடு முடிந்தது. ஆகவே அதில் 4 என்றால் 1974தான். அதே 9 என்று தொடங்கினால் 1969ஆகவும் இருக்கலாம், 1979ஆகவும் இருக்கலாம். விற்பவர் எப்போதும் 1969 என்றுதான் சொல்வார்!

இந்த 6139இன் மஞ்சள் டயலுக்கு ‘போக்’ என்ற செல்லப்பெயர் உண்டு. விண்வெளி வீரர் வில்லியம் போக் 1973–74இல் ஸ்கைலாப் என்ற அமெரிக்க விண்வெளி நிலையப் பயணத்தில் கட்டியிருந்ததால் வந்த பெயர். அவர் கட்டியது 6139-6005. மஞ்சளாக இருப்பதை எல்லாம் அந்தப் பெயரில் விற்பது வியாபாரம்.

சிட்டிசனில் சீரியலின் முதல் இலக்கம் ஆண்டு, அடுத்த இரண்டும் மாதம். அதன் முதுகில் ‘ஜிஎன்-4-எஸ்’ என்று இருப்பதைப் பலர் மாடல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது கேஸின் வகையையும் உலோகத்தையும் சொல்லும் குறி. வெவ்வேறு மாடல்களில் இதே குறி வரும். சுவிஸ் கடிகாரங்களில் ஒரு சிறு சிலுவைக்குப் பக்கத்தில் ஆறு இலக்க எண் இருந்தால் அது பெரும்பாலும் காப்புரிமை எண். அதையும் விட்டுவிடுங்கள்.

சுவிஸில் விஷயம் உள்ளே இருக்கிறது. ஒமேகாவில் மாடல் எண் பின்மூடியின் உட்புறத்தில், சீரியல் மூவ்மென்ட்டின் மேல். பழைய ரோலெக்ஸில் பட்டையைக் கழற்றினால் 12 மணிப் பக்கம் லக் (பட்டையைப் பிடிக்கும் கொம்புகள்) நடுவே மாடல், 6 மணிப் பக்கம் சீரியல். சிறிய கம்பெனிகளில் முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் சக்கரத்துக்கு அருகில் ‘ஈடிஏ’, ‘ஏஎஸ்’ போன்ற முத்திரையும் ஓர் எண்ணும் கிடைக்கும். அது மூவ்மென்ட்டைச் செய்தவரின் முத்திரை. அதே மூவ்மென்ட்டைப் பல கம்பெனிகள் வாங்கிப் போட்டன என்பதால், அதை வைத்துக் காலத்தைக் குறுக்கலாம், மாடலைப் பிடிக்க முடியாது. மூடியின் உட்புறத்தில் ஊசியால் கீறியதுபோலத் தெரிபவை பழுதுபார்த்தவர்கள் போட்ட குறிகள்.

வேலையிடத்தில் பரிசளித்த கடிகாரம் என்றால் பின்புறம் பெயரும் ஆண்டும் பொறித்திருப்பார்கள். அது கொடுத்த ஆண்டு, செய்த ஆண்டு அல்ல. ஆனால் பொறித்த பெயரே உதவும். துறைமுகத்தில் வேலை பார்த்தவருடையதில் ‘சிங்கப்பூர் ஹார்பர் போர்டு’ என்று இருந்தால், அது பெரும்பாலும் 1964க்கு முன். அந்த ஆண்டு ஏப்ரலில்தான் அது துறைமுக ஆணையமாக மாறியது.

பழைய பொருள்கள் விற்ற சிங்கப்பூரின் சுங்கை ரோடு திருட்டுச் சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டபின் பழைய கடிகாரம் தேடுபவர்களில் பலர் இணையத்துக்குப் போய்விட்டார்கள். அங்கே படத்தை மட்டும் நம்ப வேண்டியிருப்பதால், பின்மூடியின் உட்புறமும் மூவ்மென்ட்டும் காட்டாத விற்பனையாளரிடம் மாடல் பெயரைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை என்பது என் எண்ணம்.

வீட்டில் திறந்து பார்க்க நினைப்பவர்களுக்கு: இருட்டில் மினுங்காத பழைய முள்ளில், ஒளிர்வதற்காகப் பூசிய ரேடியம் என்ற கதிரியக்கப் பொருள் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். தீர்ந்தது ஒளிரும் வேதிப்பொருள்தான். ரேடியத்தின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 1,600 ஆண்டுகள். சுரண்டவோ, உதிரும் தூளை ஊதவோ கூடாது. பின்மூடியில் கத்தி நுழைக்கிற வெட்டு இருந்தால் அது அழுத்தி மூடிய வகை; சுற்றிலும் பள்ளங்கள் இருந்தால் திருகு மூடி, அதற்குத் தனிச் சாவி வேண்டும். சிலவற்றுக்குப் பின்மூடியே கிடையாது, கண்ணாடி வழியாகத்தான் திறக்க வேண்டும். கடிகாரம் பழுதுபார்க்கும் கடையில் கொடுத்தால் திறந்து காட்டுவார்கள். அப்போதே கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, மூடும்போது ரப்பர் வளையத்தையும் மாற்றித் தரச் சொல்லுங்கள்.