மல்டிஃபோகல் லென்ஸ்: கண்ணாடியைக் கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டியவை

கண்புரை அறுவை சிகிச்சையில் கண்ணுக்குள் பொருத்தும், தூரமும் அருகும் தெரியச் செய்யும் மல்டிஃபோகல் லென்ஸ் பற்றி மருத்துவரிடம் பேசச் செல்வதற்கு முன், எந்தெந்த வேலைக்கு எவ்வளவு தொலைவில் பார்க்கிறீர்கள் என்பதை ஒரு வார காலம் தாளில் குறித்து வையுங்கள். புத்தகமும் கைபேசியும் பெரும்பாலும் 40 சென்டிமீட்டரில் இருக்கும். கணினித் திரை 60 முதல் 80 சென்டிமீட்டருக்குள் வரும். ஊசியில் நூல் கோப்பதற்கும் நகைவேலைக்கும் இன்னும் அருகில் பார்க்க வேண்டும். இரவில் வண்டி ஓட்டும் வழக்கம் இருந்தால் அதையும் எழுதுங்கள். லென்ஸைத் தேர்ந்தெடுக்க விலைப்பட்டியலைவிட இந்தத் தாளே உதவும்.

வயதாக ஆகக் கண்ணின் இயற்கை லென்ஸ் இறுகிப் போவதால் 40 வயதையொட்டி வெள்ளெழுத்து வருகிறது. பின்னர் அதே லென்ஸ் மங்கிக் கண்புரையாகிறது. ஃபேகோ அறுவை சிகிச்சையில் அதைச் சிறு துளை வழியாக உடைத்து உறிஞ்சி எடுத்து, அதைச் சூழ்ந்திருந்த மெல்லிய பைக்குள் செயற்கை லென்ஸை வைக்கிறார்கள். சாதாரண லென்ஸ் ஒளி முழுவதையும் ஒரே தொலைவுக்குக் குவிக்கும் என்பதால், தூரம் தெளிந்தாலும் படிக்கக் கண்ணாடி வேண்டும். மல்டிஃபோகல் லென்ஸின் மேல் செதுக்கிய நுண்வளையங்கள் ஒளியைப் பங்கு போடுகின்றன: இரு குவியங்களுக்குச் சமமாகப் பிரிக்கும் வகையில் தூரத்துக்கும் அருகுக்கும் ஏறத்தாழ 41 சதவீதம் வீதம் சேர, எஞ்சிய 18 சதவீதம் பயனின்றிச் சிதறுகிறது. மங்கிய வெளிச்சத்தில் வெளிறியதற்கும் அடர்ந்ததற்கும் உள்ள வேறுபாடு (கான்ட்ராஸ்ட்) தெரிவது சற்றுக் குறைவதும், இரவில் முகப்பு விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரிவதும் இந்தப் பங்கீட்டின் விளைவுகளே. தயாரிப்புக் குறை என்று எண்ண வேண்டாம்.

ஆகவே விழித்திரையின் மையப்பகுதியில் நோய் உள்ளவர்கள், குளுக்கோமாவால் (கண் அழுத்த நோயால்) பார்வைப் பரப்பை இழந்தவர்கள், கருவிழியில் தழும்பு உள்ளவர்கள் ஆகியோருக்கு இந்த லென்ஸ் பொதுவாக ஏற்றதன்று. இரவெல்லாம் லாரி ஓட்டுபவருக்கும் இதை நான் பரிந்துரைக்கத் தயங்குவேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணருகே பிடித்துப் படித்துப் பழகிய கிட்டப்பார்வைக்காரர்கள், அந்த அண்மைப் பார்வை இனிக் கிடைக்காது என்பதை அறிந்திருக்க வேண்டும். புரையே இல்லாத நிலையில், கண்ணாடி வேண்டாம் என்பதற்காக மட்டும் நன்றாக இருக்கும் இயற்கை லென்ஸை அகற்றுவது வேறு முடிவு. அதிலும் கிட்டப்பார்வை மிகுந்த, வயது குறைந்தவர்களுக்கு விழித்திரை பிரியும் அபாயம் கூடுதல்.

பரிசோதனையில் அவசரம் கூடாது. கண்ணின் நீளத்தை அளப்பதில் ஒரு மில்லிமீட்டர் பிழைத்தால் பொருத்தும் லென்ஸின் பவர் சுமார் 2.5 டயாப்டர் (பவரை அளக்கும் அலகு) தவறிவிடும். கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள், அது கருவிழியின் வளைவை மாற்றிவைத்திருக்கும் என்பதால், மருத்துவர் சொல்லும் நாட்களுக்கு முன்கூட்டியே அதை நிறுத்த வேண்டும். கண்வறட்சி இருந்தால் முதலில் அதைச் சரிசெய்து, பிறகு அளவெடுக்கச் சொல்லுங்கள். சிலிண்டர் பவர் (கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் சமமாக இல்லாததால் வரும் பார்வைக் குறை) குறிப்பிடத்தக்க அளவு இருந்தால், அதையும் திருத்தும் டோரிக் வகையைப் பற்றிக் கேளுங்கள். விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓசிடி ஸ்கேன் எடுத்தார்களா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

அறுவை சிகிச்சைக்குப் பின்னும் சிறிது பவர் எஞ்சினால் என்ன செய்வார்கள், அதற்குத் தனிக் கட்டணம் உண்டா, காப்பீடு எவ்வளவு தரும் என்பவற்றை முன்னதாகவே எழுத்தில் பெறுவது நல்லது. ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதை அருகுக்கும் அமைக்கும் மோனோவிஷன் முறையும் உண்டு. புரை முற்றாதவர்கள் அதைக் கான்டாக்ட் லென்ஸ் மூலம் ஒத்திகை பார்க்கலாம். மல்டிஃபோகலுக்கு அப்படிப்பட்ட நம்பகமான ஒத்திகை இல்லை.

சிகிச்சை வழக்கமாக அரை மணி நேரத்துக்குள் முடிந்து, அன்றே வீடு திரும்பலாம். சொட்டு மருந்தை வேளை தவறாமல் இடுங்கள், கண்ணைக் கசக்காதீர்கள், மருத்துவர் அனுமதிக்கும்வரை தலைக்குக் குளிக்க வேண்டாம். வலி, சிவப்பு, பார்வைக் குறைவு ஆகியவை கூடிக்கொண்டே போனால் மறுநாள் வரை காத்திராமல் உடனே செல்லுங்கள். அது கண்ணுக்குள் ஏற்பட்ட தொற்றாக இருக்கக்கூடும்.

மூளை புதிய பார்வைக்குப் பழகச் சில மாதங்கள் ஆகலாம். அதன் பிறகும் தெளிவில்லை எனில், எஞ்சிய பவர், கண்வறட்சி, விழித்திரை வீக்கம் ஆகியவற்றை முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். லென்ஸுக்குப் பின்னுள்ள பை மங்கியிருந்தால் யாக் லேசரால் துளையிடுவார்கள். ஆனால் துளையிட்ட பிறகு லென்ஸை மாற்றுவது மிகக் கடினம் என்பதால், அந்த லென்ஸையே வைத்துக்கொள்வதாக முடிவான பின்னரே லேசருக்கு ஒப்புக்கொள்ளுங்கள்.