மூச்சை விடப் பழக்குங்கள்: வில்வித்தைப் பிள்ளைகளுக்கு

14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு ரிகர்வ் வில் (நுனிகள் முன்புறமாக வளைந்த, ஒலிம்பிக்கில் பயன்படும் வில்) பழக்குகிறேன். கோட்டுக்குப் பின்னால் நிற்கும் அப்பாக்கள் ஓயாமல் சொல்வது, "மூச்சைப் பிடி!" நெஞ்சு முட்டப் பிடித்த மூச்சு தோளைத் தூக்கிவிடும்; தோள் தூக்கினால் வில் ஒரு நிலையில் நிற்காது. முதலில் பழக்க வேண்டியது மூச்சை விடுவதைத்தான்.

வீட்டிலேயே தொடங்கலாம். பாயில் மல்லாந்து படுக்கவைத்து, வயிற்றின்மேல் ஒரு நோட்டை வையுங்கள். மூக்கால் மூச்சை இழுக்கும்போது நோட்டு எழ வேண்டும், நெஞ்சு சும்மா இருக்க வேண்டும். நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடட்டும். விடும் மூச்சு நீண்டால் இதயத் துடிப்பு தணியும். ஐந்து நிமிடம் போதும். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள். இதில் வீம்பு வேண்டாம்.

பிறகு வில்லோடு. வில்லை உயர்த்தும்போது மூச்சு உள்ளே. நாணை இழுத்து முகவாயில் பதிக்கும்போது பாதி வெளியே. குறி பார்க்கையில் மிச்சம் அப்படியே நிற்கட்டும். நாணை முழுதாக இழுத்ததும் 'டக்' என்று ஒலிக்க வில்லில் ஒரு சிறு தகடு உண்டு, அதுதான் கிளிக்கர். ஏழெட்டு நொடிக்குள் அது ஒலிக்காவிட்டால் வில்லைத் தாழ்த்திவிட வேண்டும். அதற்குமேல் இழுத்துப் பிடித்தால் கை நடுங்கும், பார்வை மங்கும். தாழ்த்துவதைப் பிள்ளைகள் அவமானமாக நினைக்கிறார்கள். ஒலிம்பிக் தனிநபர் ஆட்டத்தில் ஓர் அம்புக்கு 20 நொடி உண்டு. ஒருமுறை தாழ்த்தி, ஒரு மூச்சு விட்டு, மறுபடி உயர்த்த அது போதும். இதையும் தனிப் பயிற்சியாகவே வைத்திருக்கிறேன்.

அடுத்தது மனக்காட்சி, அதாவது எய்வதை மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது. மனக்காட்சி என்றதும் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு நேரே பதக்க மேடையில் ஏறிவிடுகிறார்கள். அது பகற்கனவு. கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று கேட்டார் துரோணர். உடம்புக்கு என்ன தெரிகிறது என்று நான் கேட்கிறேன். நாண் விரலில் எந்த மடிப்பில் உட்கார்ந்திருக்கிறது? மூக்கு நுனியில் படுகிறதா? முதுகில் தோள்பட்டை எலும்புகள் நெருங்குகின்றனவா? கிளிக்கர் 'டக்' என்றதும் இழுத்த கை கழுத்தோரமாகப் பின்னால் போகிறதா? கண்ணை மூடியபடி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தடுமாறும் பிள்ளையை மறுபடி வில்லருகே அனுப்பி, நாணைத் தொட்டுப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன்.

காட்சி நிஜ வேகத்தில் ஓட வேண்டும். ஸ்டாப்வாட்ச் வையுங்கள், பலர் மூன்றே நொடியில் எய்து முடித்திருப்பார்கள். மனதுக்குள் அம்பு இலக்கின் சிவப்பு வளையத்துக்குப் போனால் அதை நடுவிலுள்ள மஞ்சளுக்கு இழுத்து வர வேண்டாம். காட்சியைக் கலைத்துவிட்டு, கால் வைத்து நிற்பதிலிருந்து தொடங்கட்டும்.

இது கைவந்தபின் நெருக்கடியைச் சேருங்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக் ஆண்கள் தனிநபர் இறுதியாட்டம் சமநிலையாகி, ஒற்றை அம்புக்கு வந்தது. தென்கொரியாவின் கிம் வூ-ஜின், அமெரிக்காவின் பிராடி எலிசன் இருவருக்கும் பத்து, 4.9 மில்லிமீட்டர் கூடுதலாக மையத்தை நெருங்கிய அம்பு கிம்முடையது. எதிராளி பத்து அடித்துவிட்டார், கூட்டம் கத்துகிறது, உன் முறை என்று சொல்லி, முதலில் ஒரு நீண்ட மூச்சு விடச் சொல்லுங்கள்.

சிறு பிள்ளைகளுக்கு ஒரு தடவைக்கு மூன்று கற்பனை அம்புகள் போதும். கையும் அசைய வேண்டுமென்றால் ரப்பர் பட்டையைக் கொடுங்கள். அம்பு பூட்டாத நாணை இழுத்து விடவே கூடாது. வில்லின் லிம்ப் (மேலும் கீழும் வளையும் பட்டை) விரிசல் விட்டுவிடும்.