லினக்ஸ் போடறதுக்கு முன்னாடி ஆப்பை மாத்துங்க

விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ் போடணும்னு கேக்கறவங்க பத்துல ஒம்பது பேரு ‘எந்த டிஸ்ட்ரோ நல்லாருக்கும்’னுதான் ஆரம்பிப்பாங்க, அதாவது லினக்ஸ்ல இருக்கற பல வகைல எதுன்னு. அது கடைசி கேள்விங்க. தினமும் எந்த ஆப்ல உக்காந்திருக்கீங்கன்னு முதல்ல ஒரு பேப்பர்ல எழுதுங்க. பிரவுசர், கொஞ்சம் வேர்டு, எக்செல், படம் பாக்கறதுன்னா கண்ண மூடிட்டு மாறலாம். கணக்கு எழுதற டேலி, பக்கம் வடிவமைக்கற பேஜ்மேக்கர்னு இருந்தா அந்த மெஷின்ல கை வைக்காதீங்க, அது ரெண்டும் லினக்ஸுக்கு வர்றதில்ல, விண்டோஸ் ஆப்ப லினக்ஸ்ல ஓட்டற வைன் போட்டு ஓட்டலாம்னு யாராவது சொன்னா அவங்க வந்து உங்க கடைல உக்காருவாங்களான்னு கேளுங்க.

சித்தப்பா வீட்ல ஒரு பழைய லேப்டாப், 4 ஜிபி ராம். 2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு வழக்கமான சப்போர்ட் முடிஞ்சுது, அந்த மெஷின் 11க்கு தகுதி இல்லைன்னு வந்துச்சு, புதுசு வாங்கலாமான்னு கேட்டாரு. நான் உடனே லினக்ஸ் போடல. விண்டோஸ்லயே வேர்டு, எக்செல் வேலைக்கு லிப்ரேஆபீஸ், பிரவுசருக்கு ஃபயர்ஃபாக்ஸ், படம் பாக்க விஎல்சி மூணையும் போட்டுக் குடுத்து, ஒரு மாசம் இதுலயே வேலை பாருங்க சித்தப்பான்னு சொல்லிட்டு வந்துட்டேன். அவரு திட்டினது பூரா அந்த மாசத்துலயே முடிஞ்சுபோச்சு. அப்புறம் லினக்ஸ் போட்டப்ப அதே ஆப், அதே ஐகான், கீழ இருக்கற மெனு மட்டும்தான் வேற.

இதெல்லாம் கட்டற்ற மென்பொருள். இங்கிலீஷ்ல ‘ஃப்ரீ’ன்னா காசில்லாததா சுதந்திரமான்னு குழப்பம் வரும், தமிழ்ல கட்டற்றதுன்னு சொன்னாலே விஷயம் புரிஞ்சிடும். இந்த இயக்கத்த ஆரம்பிச்ச ரிச்சர்ட் ஸ்டால்மன், கட்டற்ற மென்பொருளாலயே ஒரு முழு சிஸ்டம் கட்டற க்னூ திட்டத்த 1983ல அறிவிச்சாரு. எதுக்கு வேணா ஓட்டலாம், உள்ள எப்படி எழுதியிருக்குன்னு பாக்கலாம், மாத்தலாம், அடுத்தவங்களுக்கு குடுக்கலாம், கட்டற்றதுன்னா இவ்ளோதான் அர்த்தம். பென்டிரைவ பக்கத்து வீட்டுக்கு குடுத்தா திருட்டு காப்பி ஆகாது, அதுவே எனக்கு பெரிய நிம்மதி.

சரி, போடறது எப்படின்னு பாப்போம். பழைய மெஷினுக்கு நான் சொல்றது லினக்ஸ் மின்ட், அதுல லேசான எக்ஸ்எஃப்சிஈ எடிஷன். 2 ஜிபி ராம்லயும் ஓடும்னு போட்டிருப்பாங்க, பிரவுசர்ல நாலு டேப் திறக்கணும்னா 4 ஜிபி வேணும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரைக்கும் அப்டேட் உண்டு. முழு சிஸ்டமும் ஒரே ஃபைலா இருக்கற ஐஎஸ்ஓ ஃபைல் கிட்டத்தட்ட 3 ஜிபி வரும், 8 ஜிபி பென்டிரைவ் ஒண்ணு எடுத்து ரூஃபஸ்ங்கற விண்டோஸ் ஆப்ல எழுதிக்கோங்க, பென்டிரைவ்ல இருக்கறது எல்லாம் அழிஞ்சிடும்ங்கறத மறக்காதீங்க.

ஆன் பண்றப்ப எஃப்12, இல்ல எஃப்2, எஸ்கேப்னு கம்பெனிக்கு ஒரு பட்டன், அத தட்டி பென்டிரைவ்ல பூட் பண்ணுங்க. எதையும் இன்ஸ்டால் பண்ணாமலே மின்ட் ஓடும். அவசரப்படாம அதுலயே அரை மணி நேரம் இருந்து வைஃபை, சவுண்டு, கேமரா, மூடியத் திறந்தா திரும்ப எழுந்திரிக்குதான்னு எல்லாம் பாருங்க. வைஃபை வரலேன்னா போனை கேபிள்ல மாட்டி யூஎஸ்பி டெதரிங் போட்டு போன் நெட்ட குடுத்து, டிரைவர் மேனேஜர்ல வைஃபைக்கு ஏதாவது டிரைவர் காட்டுதான்னு பாருங்க.

விண்டோஸையும் வெச்சுக்கணும்னா அதுல ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்ப ஆஃப் பண்ணிடுங்க, இல்லேன்னா விண்டோஸ் பாதி தூக்கத்துல இருக்கும், அந்தப் பக்க ஃபைல்ல லினக்ஸ்லேருந்து எழுத முடியாது. டிஸ்க்க பூட்டி வெக்கற பிட்லாக்கர் இருந்தா ரெகவரி கீய எழுதி வெச்சுக்கோங்க. இன்ஸ்டால் பண்றப்ப ‘டிஸ்க்கை அழி’ங்கற ஆப்ஷனும் ‘பக்கத்துலயே போடு’ங்கற ஆப்ஷனும் அடுத்தடுத்து இருக்கும், அங்க மட்டும் ரெண்டு தடவை படிங்க. அதுக்கு முன்னாடியே போட்டோவெல்லாம் வேற டிஸ்க்குக்கு போயிருக்கணும்.

இப்ப தமிழ். சாஃப்ட்வேர் மேனேஜர்ல தமிழ் அடிக்க உதவற ஐபஸ், அதுக்கு தமிழ் லேஅவுட்டெல்லாம் குடுக்கற ஐபஸ் எம்17என் ரெண்டையும் போட்டு, இன்புட் மெத்தட்ல ஐபஸ்ஸ தேர்ந்தெடுத்து, லாக்அவுட் பண்ணி உள்ள வாங்க, ஐபஸ் செட்டிங்ஸ்ல தமிழ்னு தேடினா தமிழுக்குன்னே வகுத்த தமிழ்99, இங்கிலீஷ் ஒலில அடிக்கற போனெட்டிக் எல்லாம் வரிசையா நிக்கும். சாதா கீபோர்டு லேஅவுட்லயும் தமிழ் இருக்கு, ஆனா எனக்கு எம்17என்தான் பிடிக்கும். தமிழ்99ல அ, ம, ம, ஆ நாலு தட்டு, ‘அம்மா’ வந்துடும், ஒரே மெய் ரெண்டு தடவை வந்தா புள்ளிய அதுவே வெச்சுக்கும்.

சித்தப்பாவோட பழைய சங்க கடிதங்களத் திறந்தப்ப எல்லாம் இங்கிலீஷ் எழுத்தும் கமாவுமா கொட்டிச்சு. ஃபைல் கெட்டுப்போச்சுன்னு ஆடிப்போயிட்டாரு. கெடல, அது பாமினிங்கற பழைய எழுத்துருல அடிச்சது, இங்கிலீஷ் எழுத்துக்கு மேல தமிழ் வடிவத்த ஒட்டினது, எல்லா கம்ப்யூட்டரும் தமிழ்னு புரிஞ்சுக்கற யூனிகோட் இல்ல. ஹோம் ஃபோல்டருக்குள்ள முன்னாடி புள்ளி வெச்சு ‘.fonts’னு ஒரு ஃபோல்டர் போட்டு, விண்டோஸ்ல இருந்த அந்த எழுத்துரு ஃபைல அதுக்குள்ள காப்பி பண்ணி லிப்ரேஆபீஸ மூடித் திறந்தா கடிதம் அப்படியே திரும்பி வந்துச்சு. யூனிகோட்ல, விண்டோஸோட லதா எழுத்துருல அடிச்சது தானாவே தெரியும், ஆனா வேற எழுத்துரு வந்து உக்காந்துக்கறதால வரி கொஞ்சம் முன்னபின்ன உடையும். அதனால வெளிய யாருக்காவது அனுப்பறதுன்னா பிடிஎஃப்பா அனுப்புங்க.

எல்லாம் செட் ஆனதும் டைம்ஷிஃப்ட்ங்கற ஆப்ல ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது சிஸ்டத்தோட அப்போதைய நகல் எடுத்து வெச்சிருங்க, ஏதாவது அப்டேட்ல கோளாறு வந்தா முந்தின நிலைக்கே போயிடலாம். அது சிஸ்டத்தத்தான் காப்பாத்தும், ஹோம் ஃபோல்டர்ல இருக்கற கல்யாண போட்டோவ இல்ல, அத தனியா காப்பி எடுங்க.