சாண்டோ டொமிங்கோவின் பழைய நகரில் குறைந்த செலவில் தங்குவது எப்படி?

டொமினிக்கன் குடியரசின் தலைநகரான சாண்டோ டொமிங்கோவில், ஒசாமா ஆற்றின் மேற்குக் கரையை ஒட்டி, ஏறத்தாழ ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் பழைய நகரம் இருக்கிறது. உள்ளூர் மக்கள் அதைச் ‘சோனா கொலோனியல்’ என்று அழைக்கிறார்கள். கொலம்பஸின் தம்பி பார்த்தலோமேயு 1498இல் ஆற்றின் கிழக்குக் கரையில் அமைத்த குடியிருப்பு, 1502இல் ஆளுநர் ஒவாந்தோவின் காலத்தில் மேற்குக் கரைக்கு மாற்றப்பட்டது. அன்று கோடு கிழித்தாற்போல் வகுக்கப்பட்ட தெருக்களில்தான் இன்றும் நடக்கிறோம். 1990இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் இந்தப் பகுதி சேர்ந்தது. இங்குள்ள பழைய வீடுகள் பல இப்போது சிறு விடுதிகளாகியிருக்கின்றன; வாசலில் ‘ஓஸ்தால்’ என்ற பலகை தொங்கும். பெரிய ஓட்டல்களில் கொடுக்கும் பணத்தில் பாதிக்கும் குறைவாகவே இவற்றில் ஆகும் என்பதோடு, ஒரு வீட்டின் அன்றாட வாழ்க்கைக்குள் நாமும் சில நாட்கள் இருக்கிறோம் என்பதே இவற்றின் பெரும் சிறப்பு என்று கருதுகிறேன்.

அறையைத் தேடும்போது எல்லோரும் முதலில் படங்களைத்தான் பார்க்கிறார்கள். படங்களில் செடிகள் நிறைந்த முற்றமும், உயரமான கூரையும், ஓவியம் மாட்டிய சுவரும் அழகாகத் தெரியும். ஆனால் அந்த வீட்டில் நாம் நிம்மதியாகத் தூங்குவோமா என்பதை முடிவு செய்யும் மூன்று விஷயங்கள் எந்தப் படத்திலும் தெரியாது. மின்சாரம், தண்ணீர், சத்தம் ஆகியவையே அவை. பதிவு செய்வதற்கு முன்பே இந்த மூன்றையும் வீட்டுக்காரரிடம் எழுதிக் கேட்டுப் பதில் பெறுவது, அறை தேடும் வேலையில் பாதியை முடித்துவிட்டதற்குச் சமம்.

முதலில் மின்சாரம். இந்த நாட்டில் மின்வெட்டு வழக்கமானது. தலைநகரமும் அதற்கு விலக்கல்ல. அதைச் சமாளிக்க வீடுகளில் இரண்டு ஏற்பாடுகள் உண்டு. ஒன்று ‘இன்வெர்சோர்’ எனப்படும் பேட்டரி இன்வெர்ட்டர். இது விளக்கு, மின்விசிறி, வைஃபை ஆகியவற்றைச் சில மணி நேரம் தாங்கும், ஆனால் ஏசியை ஓட்டாது. மற்றொன்று ‘பிளாந்தா’ எனப்படும் ஜெனரேட்டர்; இது இருந்தால் ஏசியும் ஓடும். பல விடுதிகள் ‘மின்வெட்டு வந்தாலும் கவலையில்லை’ என்று மட்டும் சொல்லும்; எந்த ஏற்பாடு என்று சொல்லாது. நான் ஒருமுறை இதைக் கேட்காமல் ஆகஸ்ட் மாதத்தில் ஓர் அறை எடுத்தேன். வீட்டின் உட்பகுதியில், தெருவுக்கும் முற்றத்துக்கும் சன்னல் இல்லாத அறை அது. நள்ளிரவுக்குப் பிறகு மின்சாரம் போனது. விளக்கு எரிந்தது, ஏசி நின்றது, கால் மணி நேரத்தில் சுவரே வியர்ப்பது போலிருந்தது. மெத்தையை விட்டுவிட்டு முற்றத்து நாற்காலியில் உட்கார்ந்தே விடியும்வரை இருந்தேன். ஆகவே ‘ஐ இன்வெர்சோர்? ஐ பிளாந்தா?’ என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். ‘ஐ’ என்றால் ‘இருக்கிறதா’ என்று பொருள். ஜெனரேட்டர் இல்லாத வீடானால் ஏசி அறைக்கு அதிகப் பணம் கொடுப்பதைவிட, முற்றத்தைப் பார்த்த சன்னலும் கூரை மின்விசிறியும் உள்ள அறையை எடுப்பதே நல்லது. பழைய வீடுகளின் சுவர்கள் தடித்த கல்லால் ஆனவை, கூரை உயரமானது; காற்றோட்டம் மட்டும் இருந்தால் பகல் வெப்பம் உள்ளே அதிகம் இறங்குவதில்லை.

தண்ணீரும் மின்சாரத்தோடு பிணைந்ததுதான். தெருக்குழாயில் வரும் நீர் பல வீடுகளில் முதலில் தரைக்கடியில் உள்ள தொட்டியில் சேர்கிறது. அங்கிருந்து மோட்டார் அதை மேலே ஏற்றுகிறது. மொட்டைமாடியில் ‘தினாக்கோ’ எனப்படும் பிளாஸ்டிக் தொட்டி இருந்தால், மின்சாரம் போனாலும் நீர் தானாக இறங்கிக் குழாயில் வரும். அது இல்லாமல் மோட்டாரை மட்டுமே நம்பிய வீட்டில், மின்சாரம் போன நொடியிலேயே குளியலறைக் குழாய் நின்றுவிடும், தலையில் சோப்பு இருந்தாலும். குழாய் நீரை யாரும் குடிப்பதில்லை. ‘பொத்தெயோன்’ எனப்படும் 5 காலன் நீர்க்குடுவை வீட்டின் பொது இடத்தில் இருக்கும். விருந்தினர் அதிலிருந்து இலவசமாக நிரப்பிக்கொள்ளலாமா என்று கேட்டுக்கொண்டால், நாள்தோறும் புட்டி வாங்கும் செலவு மிச்சமாகும். பல் தேய்ப்பதற்கும் அந்த நீரையே பயன்படுத்துவது பாதுகாப்பு. கழிப்பறைத் தாளைக் குழியில் போடாமல் பக்கத்தில் உள்ள கூடையில் போடச் சொல்லி அறிவிப்பு இருந்தால் அதை மதியுங்கள்; பழைய குழாய்கள் குறுகலானவை.

சத்தத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் இந்த நகரத்தில் சத்தம் என்பது குறை அல்ல, வாழ்க்கை முறை. ஒவ்வொரு தெரு முனையிலும் ‘கொல்மாதோ’ எனப்படும் மளிகைக் கடை உண்டு. பகலில் அது அரிசியும் முட்டையும் விற்கும் கடை. மாலையானதும் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு, ஒலிபெருக்கியில் பச்சாத்தா இசையைப் போட்டு, டோமினோக் காய்களை மேசையில் ஓங்கி அடித்து விளையாடும் இடமாக மாறிவிடும். வெள்ளி முதல் ஞாயிறு வரை இது நள்ளிரவைத் தாண்டியும் தொடரலாம். ஆகவே அறை தெருப் பக்கமா, முற்றத்துப் பக்கமா என்று கேளுங்கள். வீட்டுக்கு நேரெதிரே கொல்மாதோ இருக்கிறதா என்பதை வரைபடத்தில் தெருக்காட்சியைத் திறந்து பாருங்கள். வாகனம் நுழையாத கடைத்தெருவான கால்யே எல் கோந்தே, ஆல்காசார் மாளிகைக்கு எதிரே உணவகங்கள் நிறைந்த பிளாசா எஸ்பான்யா, இரவில் இளைஞர்கள் கூடும் துவார்த்தே பூங்கா ஆகியவற்றை ஒட்டிய அறைகள் இரவுப்பறவைகளுக்கு ஏற்றவை. எளிதில் தூக்கம் கலைபவர்கள் இவற்றிலிருந்து இரண்டு மூன்று தெருக்கள் தள்ளி எடுப்பது நல்லது. எங்கே எடுத்தாலும் காதடைப்பான் ஒரு சோடி கொண்டுபோங்கள். சேவல்களுக்கு எந்த விதியும் இல்லை.

விலை பருவத்தைப் பொறுத்தது. டிசம்பர் முதல் மார்ச் வரை வெயில் மிதமாக இருப்பதால் வாடகை ஏறும். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் பருவம். அப்போது விலை குறையும், வெப்பமும் கொசுவும் கூடும். டெங்கு இங்கே உண்மையான ஆபத்து என்பதால், கொசுவலை இல்லாத அறையில் மின்விசிறியை இரவு முழுவதும் ஓடவிட்டு, கொசு விரட்டியும் பூசிக்கொள்ள வேண்டும். பிப்ரவரி 27 விடுதலை நாள். 1844இல் நாடு விடுதலையை அறிவித்தது பழைய நகரின் மேற்கு எல்லையில் உள்ள புவெர்த்தா தெல் கோந்தே வாயிலில்தான் என்பதால், அந்த வாரம் அறை கிடைப்பது கடினம். ஈஸ்டருக்கு முந்திய புனித வாரத்தில் நகர மக்கள் கடற்கரைகளுக்குப் போய்விடுகிறார்கள். தெருக்கள் அமைதியாகும், ஆனால் பல கடைகள் மூடியிருக்கும். வாடகையைப் பேசும்போது அது டாலரா, உள்ளூர் நாணயமான பெசோவா, வரி சேர்ந்ததா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். இங்கே விற்பனை வரி 18 சதவீதம். உணவகங்களில் அதற்கு மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணமும் உண்டு. ‘கோன் இம்புவெஸ்தோஸ்?’ என்றால் ‘வரியோடு சேர்த்தா?’ என்று பொருள். சிறு விடுதிகள் பலவற்றில் ரொக்கமே எளிது.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குப் பொதுவாக விசா தேவை. ஆயினும் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஷெங்கன் நாடுகள் ஆகியவற்றின் செல்லுபடியாகும் விசா வைத்திருப்போர் அதைக் கொண்டே சுற்றுலாவுக்கு நுழையலாம் என்பது விதி. விதிகள் மாறக்கூடியவை, புறப்படும் முன் விமான நிறுவனத்திடம் உறுதிசெய்யுங்கள். ‘இ-டிக்கெட்’ எனப்படும் நுழைவுப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். அரசின் தளத்தில் அது இலவசம், பணம் கேட்கும் தளங்கள் போலியானவை அல்லது இடைத்தரகர்களுடையவை. படிவத்தில் தங்கும் முகவரியைக் கேட்பார்கள் என்பதால் விடுதியின் தெருப்பெயரையும் கதவு எண்ணையும் கையில் வைத்திருங்கள். லாஸ் அமேரிக்காஸ் விமான நிலையம் நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் இருக்கிறது. நிலையத்து டாக்சிக்கும் ஊபருக்கும் கட்டணத்தில் நல்ல வித்தியாசம் உண்டு. டாக்சியில் ஏறும் முன்பே தொகையைப் பேசி முடித்துவிடுங்கள். நள்ளிரவில் இறங்குவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இந்த வீடுகள் பலவற்றில் இரவு வரவேற்பாளர் கிடையாது. கனத்த மரக்கதவுக்கு வெளியே, இரும்புக் கிராதியைப் பிடித்துக்கொண்டு, யாரோ எழுந்து வரும்வரை நிற்க நேரிடும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் ‘புவேனாஸ்’ என்று வணக்கம் சொல்லுங்கள். கடையிலும், உணவகத்திலும், முற்றத்தில் உட்கார்ந்திருக்கும் அறிமுகமில்லாத விருந்தினரிடமும் இப்படித்தான். இதைச் சொல்லாமல் நேராக விஷயத்துக்கு வருவதை இங்கே மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள். வீட்டை நடத்தும் மூத்த பெண்ணை அவர் பெயருக்கு முன் ‘தோன்யா’ சேர்த்து அழைக்க வேண்டும். நான் அதிக நாள் தங்கிய வீட்டில் காலை ஆறரை மணிக்கு அந்த அம்மா ‘கிரேக்கா’ எனப்படும் சிறு அலுமினியப் பாத்திரத்தில் காப்பி போடுவார். அடியில் நீர், நடுவில் தூள், மேலே வடிந்து நிற்கும் டிகாக்‌ஷன். நீர் கொதித்து மேலேறும்போது எழும் சீறல் முற்றத்தைத் தாண்டி அறைக்குள் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டதும் எழுந்து போனால், சர்க்கரை தூக்கலாகப் போட்ட காப்பி ஒரு சின்னக் கோப்பையில் கிடைக்கும். இன்றைக்கு மின்சாரம் எப்போது போகலாம், எந்தத் தெருவைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள் என்ற செய்திகளும் அதோடு கிடைக்கும்.

சமையலறையைப் பயன்படுத்த அனுமதி உள்ள வீடாகத் தேடுவது நம்மவர்களுக்குப் பெரிய ஆறுதல். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: இங்கே மின்சாரம் 110 வோல்ட், தட்டையான இரு முள் கொண்ட அமெரிக்க வகைப் பிளக். போன், மடிக்கணினிச் சார்ஜர்கள் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்பவை, அடாப்டர் போதும். ஊரிலிருந்து கொண்டுவரும் 230 வோல்ட் கெட்டிலோ குட்டி ரைஸ் குக்கரோ அப்படியல்ல. பாதி மின்னழுத்தத்தில் அவற்றின் சூடாக்கும் திறன் கால் பங்குக்கும் கீழே இறங்கிவிடும், அரிசி ஊறிக்கொண்டுதான் இருக்கும். அவற்றை வீட்டிலேயே விட்டுவிட்டு, இங்குள்ள கேஸ் அடுப்பில் சமையுங்கள். கொல்மாதோவில் அரிசியைப் பவுண்டு கணக்கிலும், முட்டையை ஒன்றிரண்டாகவும், எண்ணெயைச் சிறிதளவாகவும் வாங்கலாம் என்பதால், மூன்று நாள் தங்குவோருக்கும் சமையல் வீண்செலவாகாது.

வெளியே சாப்பிடுவதானால் மதிய வேளையில் ‘கொமெதோர்’ எனப்படும் சாதாரணச் சாப்பாட்டுக் கடைகளைத் தேடுங்கள். சோறு, பீன்ஸ் குழம்பு, இறைச்சி ஆகிய மூன்றும் சேர்ந்த சாப்பாட்டை ‘பந்தேரா’, அதாவது கொடி, என்று பெருமையாகச் சொல்கிறார்கள். சைவம் சாப்பிடுபவர்கள் ‘சின் கார்னே’, அதாவது இறைச்சி இல்லாமல், என்று மட்டும் சொன்னால் போதாது. பீன்ஸ் குழம்பிலேயே கோழிச் சுவைக் கட்டியைக் கரைப்பது வழக்கம் என்பதால் அதையும் கேட்க வேண்டும். வறுத்த வாழைக்காய், மரவள்ளிக்கிழங்கு, வெண்ணெய்ப்பழம் ஆகியவை எங்கும் கிடைக்கும். ‘மோரோ தே குவாந்தூலேஸ் கோன் கோகோ’ என்ற பெயரைப் பட்டியலில் கண்டால் தயங்காதீர்கள். குவாந்தூலேஸ் என்பது நம் துவரைதான். பச்சைத் துவரையைத் தேங்காய்ப்பாலில் அரிசியோடு சேர்த்து வேகவைத்த சோறு அது. இந்தியாவில் பயிராகத் தொடங்கிய துவரை, ஆப்பிரிக்கா வழியாக இந்தத் தீவை அடைந்தது.

விடுதி பழைய நகருக்குள்ளேயே இருப்பதன் முழுப் பயன் அதிகாலையில்தான் கிடைக்கும். ஏழு மணிக்கு முன் கால்யே லாஸ் தாமாஸ் தெருவில் நடந்து பாருங்கள். 1502இல் போடப்பட்ட இந்தத் தெருவின் ஒரு முனையில் ஒசாமா கோட்டை, மறு முனைக்கு அருகில் கொலம்பஸின் மகன் தியேகோவின் ஆல்காசார் மாளிகை. சுற்றுலாக் குழுக்கள் வருவதற்குள் திரும்பிவிடலாம். அருங்காட்சியகங்கள் பலவற்றுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. பேராலயத்துக்குத் தோளும் முழங்காலும் மறைந்த உடை வேண்டும். இரவில் வெளிச்சமும் ஆள்நடமாட்டமும் உள்ள தெருக்களிலேயே திரும்புங்கள்; போனைக் கையில் ஏந்தி நடக்காதீர்கள், ஸ்கூட்டரில் வந்து பறித்துச் செல்வது நடக்கிறது. அவசரத்துக்கு 911. கடவுச்சீட்டை அறையில் பூட்டிவைத்துவிட்டு நகலை எடுத்துச் செல்லலாம். பூட்டும் பெட்டி இல்லாத அறையானால் உங்கள் பெட்டிக்கே ஒரு பூட்டுப் போடுங்கள்.

புறப்படும் நாளில் அறையைக் காலி செய்த பிறகும் பெரும்பாலான வீடுகளில் பையை மாலைவரை வைத்துக்கொள்வார்கள்; கேட்டால் போதும். சமானா, புவெர்தோ பிளாத்தா போன்ற ஊர்களுக்குப் பெரிய பேருந்தில் போவதாக இருந்தால், கம்பளிச் சட்டையைப் பெட்டிக்குள் வைத்து அடியில் ஏற்றிவிடாமல் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பேருந்துகளில் ஏசியைக் குறைப்பதில்லை, முற்றத்து வெப்பத்துக்குப் பழகிய உடம்பு முதல் ஒரு மணி நேரத்திலேயே நடுங்கத் தொடங்கிவிடும்.