பூர்வீக வீட்டின் வரலாறு தேடுவோர் செய்யும் தவறுகள்: வேலூர் வட்டாரத்துக்கான குறிப்பு

பெயரில் எழுத்து மாறுவது, பத்திரத்துக்கு நகல் எடுக்காமல் விடுவது போன்றவை இரண்டாம் நாளே தானாகப் புரிந்துவிடும். ஆண்டுக்கணக்கில் ஆளைத் தவறான தெருவில் நிறுத்துபவை வேறு.

'வில்லங்கம் இல்லை' என்றால் வீடு கைமாறவே இல்லை என்று முடிவுகட்டுவது

குடியாத்தம் பக்கத்துக் கிராம வீடு என்று வையுங்கள். இன்றைய பட்டாவிலுள்ள சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்கம் (அந்தச் சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) போடுகிறார்கள். ஏதுமில்லை என்று வருகிறது. உடனே 'நாலு தலைமுறையாக நம் வீடு' என்று வம்சாவளியில் எழுதிவிடுகிறார்கள். எத்தனை முறை சொன்னாலும் இது நிற்பதில்லை. கொடுத்த எண்ணில், கொடுத்த காலத்தில், அந்த அலுவலகத்தில் பதிவு இல்லை. அந்தத் தாள் சொல்வது அவ்வளவுதான்.

ஊர் நத்தம், அதாவது குடியிருப்பு நிலம், பெரும்பாலும் ஒரே சர்வே எண்ணாகக் கிடந்தது. வீட்டுக்கு வீடு எண் பிரிந்தது பிற்பாடு வந்த நத்தம் நிலவரித் திட்டத்தில்தான். உங்கள் கொள்ளுத்தாத்தா பத்திரத்தில் இன்றைய எண் இருக்க வழியே இல்லை. 1882 சொத்து மாற்றுச் சட்டப்படி 100 ரூபாய்க்குக் குறைந்த வீட்டைப் பதியாமல், சுவாதீனம் ஒப்படைத்தே விற்கலாம். கூரை வீடுகள் அப்படியும் கைமாறின. வாரிசுரிமையாக வந்தது, பதியாத கூர்ச்சீட்டு (பாகம் பிரித்துக்கொண்ட சீட்டு), பதியாத உயில் எதுவும் வில்லங்கத்தில் வராது.

தாலுகா அலுவலகத்தில் பழைய எண், புதிய எண் ஒப்பீட்டுப் பட்டியலைப் பாருங்கள். அந்த ஊர் அப்போது எந்தச் சார்பதிவகத்தில் இருந்தது என்று விசாரித்து, கணினியில் ஏறாத காலத்துக்குக் கையால் தேட மனு கொடுங்கள். சொத்துவாரியான இரண்டாம் அட்டவணையில் கிடைக்காவிட்டால், பெயர்வாரியான முதல் அட்டவணையில் தாத்தா, அவர் அப்பா, பாட்டி மூவர் பெயரிலும் தேடச் சொல்லுங்கள். பாட்டி பெயரை விட்டுவிடாதீர்கள். மனைவி பேரில் வாங்கிய வீடுகள் நிறைய.

செக்குபந்தியைத் தலைகீழாகப் படிப்பது

செக்குபந்தி என்பது பத்திரத்தில் வரும் நான்கு எல்லை விவரம். அதில் 'இன்னார் வீட்டுக்கு மேற்கு' என்றால் இன்னார் வீடு கிழக்கே இருக்கிறது, நம் வீடு அதற்கு மேற்கே. மாற்றி வரைந்தால் தெருவே புரண்டுவிடும். பாகம் பிரித்த வீடானால் அந்த இன்னார் பங்காளியாக இருக்கக்கூடும், பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கதவு எண்

நம்பாதீர்கள். மாறிக்கொண்டே வந்திருக்கும்.

பசலி

பழைய வருவாய்த்துறைக் கணக்குகளில் வரும் ஆண்டு இது. ஆங்கில ஆண்டு தெரிய அதோடு 590 கூட்டுங்கள். பசலி 1350 என்பது 1940 ஜூலையில் தொடங்கி 1941 ஜூனில் முடிகிறது.

தமிழ் வருஷத்தைப் பார்த்ததும் ஆண்டு குறிப்பது

பிரபவ 1867, 1927, 1987 மூன்றிலும் வந்தது. முத்திரைத்தாளைப் பாருங்கள்: ஐந்தாம் ஜார்ஜ் தலை இருந்தால் 1927.

'சித்தூர்' என்று கண்டதும் பூர்வீகம் ஆந்திரா என்பது

வடஆற்காடு ஜில்லாவுக்கு 1911 வரை தலைமையிடமே சித்தூர்தான், பிறகுதான் வேலூர். அதுவரை கலெக்டர் கச்சேரிக்கு (அலுவலகத்துக்கு) போன மனுவில் சித்தூர் என்றுதான் இருக்கும். குடும்பம் எந்த ஊர் என்பதை, மனு கொடுத்தவர் பெயரை அடுத்து வரும் தாலுகாவிலும் கிராமத்திலும் பாருங்கள்.