சின்னப் பிள்ளைக்குக் கை கழுவப் பழக்குவது: முதலில் தண்ணீருக்கு ஓர் இடம்

"கையைக் கழுவிட்டு வா" என்று எத்தனை தடவை சத்தம் போட்டும் நாலு வயதுப் பிள்ளை கேட்கவில்லையா? பெரும்பாலும் குறை பிள்ளையிடம் இல்லை. தண்ணீர் பிடிக்கும் பீலி லயத்தின் (தோட்ட வீட்டு வரிசையின்) அந்தக் கோடியில், சவர்க்காரம் எட்டாத உயரத்தில், தண்ணீரோ கை விறைக்கும் குளிர். இதைச் சரிசெய்யாமல் அதட்டிப் பயனில்லை.

பிள்ளை கை கழுவ இடம் அமைக்க ஐந்து லீற்றர் எண்ணெய்க் கேன் ஒன்று போதும். மருந்தடிக்கிற கேனை எத்தனை முறை கழுவினாலும் இதற்கு எடுக்கக் கூடாது; பிளாஸ்டிக்கில் ஊறிய நஞ்சு போகாது. மூடிக்கு நாலு விரல்கடை கீழே, சுட்ட ஆணியால் ஒரு துளை போடுங்கள். பெரிய துளை என்றால் தண்ணீர் வீணாகும், சின்னது என்றால் பிள்ளை பொறுமை இழக்கும்; இரண்டு மில்லிமீற்றர் அளவு சரி. இரண்டு கவைக் கம்புகளை நட்டு, குறுக்குக் கம்பில் கேனை அதன் கைப்பிடியால் தொங்கவிடுங்கள். துளை பிள்ளையின் நெஞ்சு மட்டத்துக்கு வரட்டும். கேனின் கழுத்தில் கட்டிய கயிற்றின் மறுமுனையைத் தரையில் கிடக்கும் மிதிகம்பில் கட்டினால், மிதித்ததும் கேன் சாய்ந்து தண்ணீர் ஊற்றும். அழுக்குக் கையால் எதையும் தொட வேண்டியதில்லை. துளைக்குக் கீழே வரைதான் நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் சும்மாவே ஒழுகும். சவர்க்காரத்தை வெங்காய வலைப்பையில் போட்டுப் பக்கத்தில் கட்டிவிடுங்கள். மழையில் தரையில் கிடந்து கூழாகாது. அடியில் சல்லி கொட்டுங்கள். சேறானால் பிள்ளை அந்தப் பக்கமே வராது.

பேசினில் தண்ணீர் பிடித்து எல்லாரும் அதிலேயே கை முக்குவது கழுவுவதாகாது. ஒருவர் கை அழுக்கு அடுத்தவருக்குப் போகும்.

ஏன் சவர்க்காரம் என்பதைச் சொல்லிப் புரிய வைக்க முடியாது, காட்டலாம். பிள்ளையின் கையில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி, அதன் மேல் டஸ்ட் தேயிலைத்தூளைத் தூவுங்கள். வெறும் தண்ணீரில் கழுவச் சொன்னால் தூள் ஒட்டிக்கொண்டே இருக்கும். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தால் போகும். பெருவிரலைச் சுற்றியும் விரல் இடுக்கிலும் நகத்தடியிலும் மட்டும் மிச்சம் நிற்கும். கிருமி நிற்பதும் அங்கேதான். உள்ளங்கை, புறங்கை, இடுக்கு, பெருவிரல், நகம் என்ற வரிசையில், மெதுவாக இருபது எண்ணி முடிக்கும் வரை தேய்க்க வேண்டும்.

குளிர்ந்த தண்ணீரிலும் கை சுத்தமாகும். வேலை செய்வது சவர்க்காரமும் தேய்ப்பும்தான். ஆனாலும் ஜனவரியில் நுவரெலியாப் பக்கம் விடியற்காலையில் கேத்தலில் இருந்து கொஞ்சம் சுடுதண்ணீர் கலந்து கொடுங்கள். சூட்டைப் பெரியவர் கைதான் பார்க்க வேண்டும்.

கழிவறைக்குப் போய் வந்தவுடனும் சாப்பிடுமுன்னும் கழுவுவது, இந்த இரண்டையும் முதலில் நிலைநிறுத்துங்கள். மற்றவை பிறகு வரும். இரண்டு வயதில் பெரியவர் கழுவி விடணும், நாலு வயதில் பக்கத்தில் நின்று பார்க்கணும், ஆறு வயதிலும் இடைக்கிடை நகத்தைப் பார்க்கணும். அம்மா கொழுந்து பறிக்கப் போனபின் பார்த்துக்கொள்ளும் அப்பாயிக்கும் பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளைகள் காப்பகத்தில்) இருப்பவருக்கும் இதே முறையைச் சொல்லி வையுங்கள். வீட்டில் ஒன்று, அங்கே ஒன்று என்றால் பழக்கம் ஒட்டாது.

வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தும் பூச்சி திரும்ப வருவதற்குக் காரணம் மண். வட்டப்புழு முட்டை மண்ணில் சில வாரம் கிடந்து முற்றி, நகத்தடி வழியாக வாய்க்குப் போகும். கொக்கிப்புழு வெறுங்காலிலேயே துளைத்து ஏறும். கிழமைக்கு ஒருமுறை நகம் வெட்டுங்கள். தோட்டத்துக்கும் கழிவறைக்கும் செருப்பு போடப் பழக்குங்கள். கைக்குழந்தையின் மலம் ஒன்றும் செய்யாது என்று கானில் (வடிகாலில்) எறிகிறார்கள். அதுவும் பெரியவர் மலத்தைப் போலவே நோய் பரப்பும், கழிவறைக்குள்தான் போட வேண்டும். குழந்தையைக் கழுவிய கையோடு சோறு பிசைய வேண்டாம்.

மழைக்காலத்தில் ஈரம் காயாத ஒரே துவாயை வீடே பயன்படுத்துவதை விட, கையை உதறிக் காயவிடுவது மேல். இருமலுக்கு முழங்கை மடிப்பு. மூக்குத் துடைக்க ஸ்வெட்டர் கை அல்ல, தனித் துணி.

நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதிக்கும். கிருமி சாக அந்தச் சூடு போதும். நன்றாகக் கொப்பளித்தபின் ஒரு நிமிடம், 2,000 மீற்றருக்கு மேலே மூன்று நிமிடம் விடுங்கள். ஆறியதை மூடி வைத்து, கோப்பையை உள்ளே முக்காமல் ஊற்றிக் குடிக்கப் பழக்குங்கள்.

இத்தனைக்கும் மேல் வயிற்றோட்டம் வந்தால், கொதித்தாறிய ஒரு லீற்றர் தண்ணீரில் ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூள்) ஒரு முழுப் பக்கெட்டைக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பாதிப் பக்கெட், கண் அளவு என்றெல்லாம் கரைத்தால் உப்பின் அளவு கெட்டுவிடும். ஒரு நாள் கடந்த மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. கண் குழி விழுந்தால், சிறுநீர் போகாவிட்டால், மலத்தில் இரத்தம் இருந்தால், குடிக்க முடியாமல் சோர்ந்தால், விடியும் வரை காத்திருக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.