ஒரே ஒரு கணினியை வைத்துச் சாய்வு பாடம் நடத்துவது எப்படி? ஜியோஜீப்ரா செய்முறை

பத்தாம் வகுப்புக் கணக்கின் ஐந்தாம் இயலான ஆயத்தொலை வடிவியலில், சாய்வு என்பதை, அதாவது கோட்டின் உயர மாற்றத்தைக் கிடைமட்ட மாற்றத்தால் வகுத்தால் வரும் எண்ணைக் கரும்பலகையில் நடத்துகிற ஆசிரியருக்கு ஒரு தொல்லை உண்டு. கோட்டின் சாய்வு மாறினால் என்ன ஆகும் என்று கேட்பதற்கே புதிதாக ஒரு கோடு வரைய வேண்டியிருக்கிறது. மூன்றாவது கோட்டை வரைந்து முடிப்பதற்குள் பாடவேளை பாதி போய்விடுகிறது. கணினித் திரையிலோ அதே கோடு கண்ணெதிரே சுழல்கிறது. கொடுமுடிப் பக்கத்து அரசுப் பள்ளியொன்றில் கணக்கு நடத்துகிற நான், ஒரு மடிக்கணினியும் ஒரு புரொஜெக்டரும் மட்டும் கையில் உள்ள, ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளை இதுவரை திறந்தே பார்க்காத ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஜியோஜீப்ரா, 2001இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் தமது முதுகலை ஆய்வேட்டுக்காகத் தொடங்கிய மென்பொருள். வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்கு இலவசம். வடிவியலும் இயற்கணிதமும் ஒரே திரையில் இணைந்திருப்பதுதான் இதன் சிறப்பு: சமன்பாட்டை மாற்றினால் படம் மாறும், படத்தை நகர்த்தினால் சமன்பாடு மாறும்.

முதலில் நிறுவுதல். இதில் பல பதிப்புகள் உள்ளன. பள்ளிக்கு நான் பரிந்துரைப்பது ‘ஜியோஜீப்ரா கிளாசிக் 5’. ஒருமுறை பதிவிறக்கிவிட்டால் இணையம் இல்லாமலே இயங்கும் என்பதால், வீட்டில் பதிவிறக்கிப் பென் டிரைவில் எடுத்துச் சென்றால் போதும். திறந்தவுடன் மேலே உள்ள ‘ஆப்ஷன்ஸ்’ பட்டியலுக்குப் போய் எழுத்தின் அளவைப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் வகுப்பைத் தொடங்கினால் கடைசி வரிசைப் பிள்ளைகளுக்குக் கோடு தெரியும், எண் தெரியாது. எண் தெரியாத கோட்டினால் இந்தப் பாடத்தில் பயனில்லை.

அடுத்து, திரையின் அடியில் உள்ள உள்ளீட்டுப் பட்டையில் ‘ஒய் = எம் எக்ஸ் + சி’ என்ற சமன்பாட்டை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்யுங்கள். இதில் எம் என்பது சாய்வு, சி என்பது கோடு ஒய் அச்சை வெட்டும் இடம். எம்முக்கும் எக்ஸுக்கும் நடுவே ஓர் இடைவெளி கட்டாயம் வேண்டும். சேர்த்து அடித்தால் இரண்டையும் ஒரே பெயராக மென்பொருள் எடுத்துக்கொள்ளக்கூடும். எம், சி இரண்டுக்கும் மதிப்பு இல்லாததால், நகர்த்திகளை, அதாவது இழுத்து மதிப்பை மாற்றும் ஸ்லைடர்களை உருவாக்கட்டுமா என்று ஒரு சிறு பெட்டி கேட்கும். ‘கிரியேட் ஸ்லைடர்ஸ்’ என்பதை அழுத்தினால் இரண்டு நகர்த்திகளும் ஒரு கோடும் வந்துவிடும். பிறகு, மேல் வரிசையில் கோணம் வரைந்த படமுள்ள கருவிப்பெட்டியின் மூலையில் இருக்கும் சிறு முக்கோணக் குறியை அழுத்தி, விரியும் பட்டியலில் ‘ஸ்லோப்’ கருவியைத் தேர்ந்தெடுத்துக் கோட்டின்மேல் சொடுக்குங்கள். அடிப்பக்கம் 1 என்றும், உயரம் சாய்வின் மதிப்பு என்றும் காட்டும் ஒரு செங்கோண முக்கோணம் கோட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்றையும் சரிபார்த்துவிடுங்கள். வரைபடப் பகுதியில் வலது பொத்தானை அழுத்தி, இரு அச்சுகளின் விகிதம் 1:1 என இருக்கிறதா என்று பாருங்கள். சுட்டியால் அச்சை இழுத்து விகிதம் கெட்டுப்போனால், சாய்வு 1 உள்ள கோடு 45 பாகையில் தோன்றாது. புத்தகத்தில் படித்தது ஒன்று, கண்ணில் தெரிவது வேறொன்று என்றாகிவிடும்.

இனிப் பாடம். நான் முதல் ஆண்டில் நகர்த்தியை நானே இழுத்து இழுத்துக் காட்டினேன். பிள்ளைகள் ஆவலோடு பார்த்தார்கள். மறுவாரத் தேர்வில் எதிர்மச் சாய்வுள்ள கோட்டை வரையச் சொன்னபோது பாதிப் பேருக்கு வரையத் தெரியவில்லை. பார்த்ததை அவர்கள் யோசிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதிலிருந்து என் வகுப்பில் முறை இதுதான்: எம்மின் மதிப்பை 2 ஆக்கப்போகிறேன் என்று சொல்லி, நகர்த்தியைத் தொடாமல் கையை எடுத்துவிடுவேன். ஒவ்வொருவரும் தம் கணக்கு நோட்டில் கோடு எப்படி மாறும் என்று வரைந்த பிறகு, ஒரு மாணவரை அழைத்து நகர்த்தச் சொல்வேன். பிறகு 0, பிறகு –1. ஒவ்வொரு முறையும் நோட்டு முதலில், திரை பிறகு. இப்படி நான்கு மதிப்புகள் பார்த்தால் போதும். சியை நகர்த்துவது அதன்பின் இரண்டே நிமிட வேலை, ஏனென்றால் கோடு சாயாமல் மேலும் கீழும் போவதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் செங்குத்துக் கோடு. எம் நகர்த்தியின் பண்புகளைத் திறந்து அதன் உச்ச வரம்பை 100 ஆக்கி, கடைசி வரை இழுக்கச் சொல்லுங்கள். “செங்குத்தா நின்னுருச்சுங்க சார்” என்று என் வகுப்பில் ஒரு பையன் சொன்னான். “முக்கோணத்தோட அடிப்பக்கம் எவ்வளவுன்னு பாரு கண்ணு” என்றேன். திரையைச் சுருக்கிப் பார்த்தான். உயரம் 100, அடிப்பக்கம் இன்னும் 1. செங்குத்தாக நிற்க வேண்டுமானால் அடிப்பக்கம் 0 ஆக வேண்டும், 0ஆல் வகுக்க முடியாது, ஆகவே செங்குத்துக் கோட்டின் சாய்வு வரையறுக்கப்படவில்லை என்பதை அவனே முடித்துவைத்தான். அந்த வரியைப் பல ஆண்டுகள் நான் மனப்பாடமாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

மறு கோடிக்கு, அதாவது ஏறத்தாழக் கிடையாகக் கிடக்கும் கோட்டுக்கு, எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் காலிங்கராயன் வாய்க்கால் இருக்கிறது. பவானி ஆறு காவிரியோடு கூடுவதற்குச் சற்று முன்னால் தொடங்கி நொய்யலில் சேரும் இந்த வாய்க்கால், 13ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்டது. நீளம் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். பாம்பு காட்டிய தடத்தில் வெட்டினார்கள் என்று வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைகளிடம், நேராக வெட்டாமல் ஏன் வளைத்து வளைத்துக் கொண்டுபோனார்கள் என்று கேளுங்கள். மொத்த இறக்கம் அதேதான். நீளம் கூடினால் சாய்வு குறையும், நீர் மண்ணை அரிக்காமல் மெல்ல ஓடும். ஒரு பேச்சுக்கு, 1,000 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்குகிறது என்று வைத்து, புதிய வரியில் ‘ஒய் = –0.001 எக்ஸ் + 1’ என்று அடித்துக் காட்டுங்கள். முன்னதாக ‘ஆப்ஷன்ஸ்’ பட்டியலில் தசம இலக்கங்களை மூன்றாக்கிவிடுங்கள். இல்லையெனில் அந்த எண் முழுதாகத் தெரியாது. திரையில் அந்தக் கோடு படுத்துக் கிடப்பது போலவே தோன்றும். எம் 0 ஆன கோட்டுக்கும் இதற்கும் கண்ணுக்கு வேறுபாடில்லை. ஆனால் ஒன்றில் தண்ணீர் தேங்கும், மற்றதில் ஓடும்.

மின்சாரம் போகக்கூடும் என்பதால் நோட்டும் கரும்பலகையும் எப்போதும் தயாராக இருக்கட்டும். புரொஜெக்டர் ஒளியைக் கரும்பலகைக்குப் பக்கத்துச் சுவரில் விழச்செய்தால், திரையில் கண்டதை உடனே பலகையில் கணக்காக எழுத வசதியாக இருக்கும். வகுப்பு முடிந்ததும் கன்ட்ரோல் பொத்தானோடு எஸ்ஸை அழுத்திக் கோப்பைச் சேமியுங்கள். அடுத்த வகுப்பில் அதே கோப்பைத் திறந்து இரண்டாவது கோடு ஒன்றைச் சேர்த்தால், செங்குத்தாக வெட்டும் கோடுகளின் சாய்வுகளைப் பெருக்கினால் –1 வருவதை அங்கிருந்தே தொடங்கலாம்.